ஊரே பயந்த இரண்டு வாரம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் பாப்பாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன்.

போனில் நாம் இருவரும் பேச வழியே இல்லை. நம்மைக் கட்டிக்கொண்ட அக்காவும் தங்கையும் சேர்ந்தால் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். போன ஞாயிறு நான் "அண்ணே, ஒரு விஷயம்" என்றதும் இந்தப் பக்கம் சின்னவள் அடுப்பை அணைத்தாள், அந்தப் பக்கம் அண்ணி டிவியை அணைத்தார். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உங்கள் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். பதிலைப் பட்டறைக்கே அனுப்புங்கள். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர் ஒளித்து ஒளித்துக் கடிதம் எழுதிக்கொள்வது உலகத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

விஷயம் இதுதான். புது இடம் பார்த்துவிட்டேன். பழைய பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியோடு. இங்கே பன்னிரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஒருவர் தும்மினால் மூன்று பேர் கையில் இருக்கும் நகை ஆடுகிறது. ஏப்ரல் கடைசியில் திறக்கலாம் என்று எண்ணம். பெரிய கடை ஒன்று வளையலுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. நான்கு மாத வேலை. அதற்கான தங்கத்தை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன். வளையலைக் கொடுக்கும் நாளில் என்ன விலையோ அதைத்தான் அவர்கள் தருவார்கள். நடுவில் விலை விழுந்தால் புது இடம் மட்டுமல்ல, பழைய இடமும் போய்விடும்.

உங்கள் அலுவலகம் தினமும் அச்சிட்டு அனுப்புகிறதே, நீங்கள் எழுதும் சந்தைக் காலைக் குறிப்பு, அதில் தங்கம் விழுமோ என்று பயப்படுகிறவன் புட் வாங்குவான் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி நேரில் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? உங்கள் அலுவலகம் மூலமாகவே செய்ய முடிந்தால் நல்லது. என்னிடம் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று வெளி ஆளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நல்ல கனமான தாள். எங்கள் அலுவலகத்தில் இந்தத் தாள் மேலாளருக்கு மட்டும்தான் கொடுப்பார்கள்.

புது இடத்தைப் பற்றி நீங்கள் எழுதும் முன்பே எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. மாமா போன் செய்து ஜன்னல் எத்தனை என்பதுவரை சொன்னார். பதினான்காமே. எங்கள் வீட்டில் மூன்று. அதில் ஒன்று திறக்காது. அன்று மாலை பெரியவள் அதைத் திறக்க ஒரு அரை மணி நேரம் போராடினாள். இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருடமாகிறது, அதுவரை அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை.

மாமா உங்களைத் தங்க மாப்பிள்ளை என்றும் என்னைப் பேப்பர் மாப்பிள்ளை என்றும் சொல்வது உங்களுக்குத் தெரியும். ஆள் அடையாளத்துக்குத்தான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரே விளக்கம் கொடுத்திருக்கிறார். நானும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருடமாக எடுத்துக்கொள்ளாமல்தான் இருக்கிறேன்.

நீங்கள் கேட்டது சின்ன விஷயம், இதற்கு நேரில் வர வேண்டியதில்லை. புட் ஆப்ஷன் வாங்கியவர், விலை எவ்வளவு விழுந்தாலும் பேசிய விலைக்கே தங்கத்தை விற்கலாம். கால் ஆப்ஷன் வாங்கியவர், எவ்வளவு ஏறினாலும் பேசிய விலைக்கே வாங்கலாம். முன்னது பயத்துக்கு, பின்னது ஆசைக்கு. இன்னும் முடியாமல் நிற்கும் ஒப்பந்தங்கள் எத்தனை என்று சந்தை தினமும் மாலை ஒரு தாள் வெளியிடும். புட் எண்ணிக்கையைக் கால் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் விகிதம். நேற்று புட் 880, கால் 1,100. விகிதம் 0.8. ஒன்றுக்குக் கீழே என்றால் ஊர் தைரியமாக இருக்கிறது. ஒன்றைத் தாண்டினால் பயம் தொடங்கிவிட்டது. பயம் எல்லை மீறிப் போனால், விற்க வேண்டியவர்கள் எல்லாம் விற்று முடித்திருப்பார்கள். அதன் பிறகு விலை ஏறத்தான் செய்யும். நம்முடைய சந்தை சின்னதுதான், ஒரு ஒப்பந்தம் வெறும் பத்துக் கிராம். ஆனாலும் எட்டு வருடமாக இந்த விகிதம் எனக்குப் பொய் சொன்னதில்லை.

ஞாயிறு எனக்கு வேலை இருக்கிறது. அதோடு உறவுக்காரர்களின் கணக்கை நாங்கள் எடுக்கக் கூடாது என்று அலுவலகத்தில் ஒரு விதி. உங்கள் பக்கம் பேருந்து நிலையத்துக்கு எதிரில், மருந்துக்கடை மாடியில் ஒரு புரோக்கர் இருக்கிறார். அவரைப் பாருங்கள். ஆனால் இதெல்லாம் பயந்தவர்களுக்கான ஏற்பாடு. உங்களுக்கு என்ன பயம், பதினான்கு ஜன்னலை வைத்துக்கொண்டு?

சின்னவளுக்கு என் விசாரிப்பு.

உங்கள் அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜன்னல் வெறும் ஜன்னல்தான். கல் பதிக்கிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக முன்பு இருந்தவர் வைத்தது. மாமா அதை எண்ணிக்கொண்டு போவார் என்று தெரிந்திருந்தால் பாதியை மூடி வைத்திருப்பேன்.

நீங்கள் சொன்ன புரோக்கரைப் பார்த்தேன். மாடிப்படியில் கைப்பிடி இல்லை, ஆனால் ஆள் நல்லவர். ஒரே நாளில் வாங்கினால் விலை ஏறிவிடும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம் என்றார். நேற்று ஆரம்பித்தோம். இதற்கு மேல் கடிதத்தில் எழுதவில்லை.

உங்களிடம் ஒரு புகார் இருக்கிறது. சின்னவள் உங்கள் காலைக் குறிப்பை மூன்று வருடமாக வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வருகிறாள். அந்த நோட்டுக்கு நகைப் பெட்டிக்குள் வைக்கும் சிவப்பு வெல்வெட்டில் அட்டை போட்டிருக்கிறாள். என் பட்டறை வெல்வெட். போன வாரம் நான் எழுதி வைத்த கடைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "அத்தான் எழுதறதைப் பாருங்க, ஒரு வார்த்தை கூடுதலா இருக்காது. நீங்க எழுதின சீட்டுல சோப்பு ரெண்டு தடவை வருது" என்றாள். இரண்டு சோப்பு வேண்டும் என்றுதான் இரண்டு தடவை எழுதினேன் என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அண்ணா, உண்மையைச் சொல்கிறேன். நான் செய்த எதையும் அவள் ஒட்டி வைத்ததில்லை.

பட்டறையில் சாயங்காலம் எல்லோரும் ஒரு தொட்டியில் கை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அந்தத் தண்ணீரை வடிகட்டினால் கையில் ஒட்டிய தங்கத்தூள் கிடைக்கும். இப்போது நானும் கழுவுகிறேன், ஒன்றையும் தொடாத நாளில்கூட. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இதை மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு வாரமாக எனக்கு உட்கார நேரமில்லை. இதோடு என் குறிப்பின் பிரதி ஒன்றை வைத்திருக்கிறேன். சின்னவளின் நோட்டில் இடமிருந்தால் ஒட்டச் சொல்லுங்கள். இந்த முறை இரண்டு பக்கம். எட்டு வருடமாக ஒரு பக்கம்தான் கொடுத்தார்கள்.

நடந்தது இதுதான். மார்ச் 28 அன்று தொடங்கி, புட் தினமும் ஏற ஆரம்பித்தது. கால் அசையவே இல்லை. பத்து வேலை நாளில் 880 என்பது 1,980 ஆகிவிட்டது. விகிதம் 1.8. இந்த எண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. அதைவிட ஆச்சரியம், ஒவ்வொரு நாளும் ஏறியது ஏறத்தாழ நூற்றுப்பத்துதான், அதுவும் ஒரே விலையில். பயம் இவ்வளவு ஒழுங்காகப் பரவும் என்று நான் நினைத்ததே இல்லை. 'ஊரே பயந்து கிடக்கிறது' என்று தலைப்பு வைத்தேன். இது எல்லை மீறிய பயம், இனி விலை ஏறும் என்று எழுதினேன்.

அன்று மேலாளர் என் நாற்காலி அருகில் வந்து நின்றார். வழக்கமாக அவர் கூப்பிடுவார், நான் போய் நிற்பேன். "உங்களை நாங்க இத்தனை நாள் சரியாப் பயன்படுத்திக்கலை" என்றார். வீட்டில் சொன்னேன். பெரியவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, மாமா உங்கள் புது வண்டியில் ஊரைச் சுற்றிவிட்டு வந்ததையும், முன் இருக்கையை எவ்வளவு தூரம் பின்னால் சாய்க்கலாம் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்ல என் செய்தியைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன் என்று எண்ண வேண்டாம், பார்த்தேன்தான்.

இந்தக் குறிப்பை மாமாவிடம் காட்டுங்கள். நானே அனுப்பினால் நன்றாக இருக்காது. உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அந்த மருந்துக்கடை மாடியில் நீங்கள் எதையாவது வாங்கி வைத்திருந்தால், இந்தக் கும்பலோடு கும்பலாக நீங்களும் பயந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் வீட்டிலேயே ஒருவன் எழுதுவதைப் படிக்காததால் வந்த பயம் அது.

உங்கள் அண்ணன்


ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் குறிப்பை மூன்று முறை படித்தேன். சின்னவள் ஒரு முறை எனக்கு வாசித்துக் காட்டினாள், பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நின்றுகொண்டு.

ஊரே பயப்படுகிறது என்று படித்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் மட்டும்தான் இப்படி உதறுகிறேன் என்று நினைத்திருந்தேன். எல்லோரும் உதறுகிறார்கள், அதனாலேயே பயப்படத் தேவையில்லை என்று நீங்கள் எழுதியது எனக்காகவே எழுதியதுபோல இருந்தது. வெள்ளிக்கிழமையும் இன்றும் சேர்த்து எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். புரோக்கர் கொஞ்சம் இழுத்தார். "யோசிச்சு செய்யுங்க சார்" என்றார். என் அண்ணன் எனக்காக யோசித்துவிட்டார் என்றேன்.

இப்போது உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. என்னிடம் இருப்பது பதினோரு கிலோ. அதற்கு ஈடாக ஆயிரத்து நூறு புட் வாங்கியிருந்தேன், எல்லாம் ஒரே விலையில். ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து வீதம் பத்து நாள். இன்று ஒன்றும் இல்லை. கை லேசாக இருக்கிறது. இன்று சாயங்காலம் தொட்டிப் பக்கமே போகவில்லை.

24ஆம் தேதி, ஞாயிறு காலை பத்து மணிக்குப் புது இடத்தைத் திறக்கிறோம். மாமா கையால் கதவைத் திறக்கிறார். நீங்கள் மூவரும் கட்டாயம் வர வேண்டும். நீங்கள் வராமல் நான் சாவியைக் கொடுக்கப்போவதில்லை.

உங்கள் தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒரு வார்த்தை கூடுதலாக எழுதாதவன் என்று சின்னவள் சொன்னாளே, அவளுக்கு இதைக் காட்டாதீர்கள்.

தங்கம் 25ஆம் தேதி திங்கட்கிழமை விழத் தொடங்கியது, புதன்வரை நிற்கவில்லை. அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய செய்தி அல்ல. சொல்ல வேண்டியது அதற்கு முன்னால் நடந்தது.

உங்கள் 18ஆம் தேதிக் கடிதம் 21ஆம் தேதி வியாழக்கிழமை மாலை நாலரைக்கு என் மேசைக்கு வந்தது. ஆயிரத்து நூறு என்று படித்ததும் சந்தைத் தாள்களை எடுத்தேன். 1,980-இல் 880 போனால் 1,100. பத்து நாள், தினம் நூற்றுப்பத்து, ஒரே விலை. பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஊரே பயந்து கிடக்கிறது என்று நான் எழுதினேன். பயந்தது நீங்கள் ஒருவர்தான். அந்த விகிதம் எத்தனை ஒப்பந்தம் என்று சொல்லும், எத்தனை பேர் என்று சொல்லாது. இது முதல் வருடம் வேலைக்குச் சேருகிறவனுக்கும் தெரிந்த பாடம். யாருடையது என்று கேட்காமலேயே உங்கள் பயத்தை எடுத்து ஊர்ப் பயம் என்று தலைப்புப் போட்டு உங்களுக்கே அனுப்பி, பயப்படாதே என்று புத்தியும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் விற்று விகிதம் இறங்கியபோது 'பயம் விலகுகிறது, முன்பே சொன்னோம்' என்று புதன்கிழமைக் குறிப்பில் எழுதினேன். விலகியதும் நீங்கள்தான்.

இதுவரை சொன்னது நான் செய்த தவறு. இனிமேல் சொல்லப்போவது தவறு அல்ல, அதற்கு வேறு பெயர்.

22ஆம் தேதி வெள்ளிக்கிழமை சந்தை காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை திறந்திருந்தது. விலை நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் புட்டைத் திரும்ப வாங்கியிருக்கலாம். ஒன்பதேகாலுக்கு நான் போனை எடுத்து உங்கள் பட்டறை எண்ணில் பாதி அழுத்தினேன். அப்போது பெரியவளிடமிருந்து செய்தி வந்தது: 'ஞாயித்துக்கிழமைக்குப் புதுச் சட்டை எடுங்க. அங்க பெரிய ஆளுங்க எல்லாம் வருவாங்க.' போனைக் கீழே வைத்துவிட்டேன். மதியம் எடுக்கலாம் என்றிருந்தேன். மதியம் எடுக்கவில்லை. ஐந்து மணிக்குச் சந்தை மூடியதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களைக் கெடுக்க நினைத்தேனா என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. ஆனால் ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, உங்களைப் பற்றி உங்களுக்கே தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது. அதை இரண்டு நாள் வைத்திருக்க ஆசைப்பட்டேன். திறப்பு விழாவில் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிற்க ஆசைப்பட்டேன். திங்கட்கிழமை காலை முதல் வேலையாகச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம்.

ஞாயிறு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். சாவியை மாமா கையில் கொடுக்கும்போது, என் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்குவதாக எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். மாமா என் தோளில் கை போட்டு, "பேப்பர் பேப்பர்னு சொல்லிட்டே இருந்தேன், இவருதாங்க எங்க வீட்டுத் தங்கம்" என்றார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். பெரியவள் என்னைப் பார்த்த பார்வையைப் பல வருடமாகப் பார்க்கவில்லை. புதுச் சட்டை கழுத்தில் இறுக்கமாக இருந்தது. அதோடு, நீங்கள் மார்ச்சில் கேட்டபோது சொன்னேனே, உறவுக்காரர் கணக்கை எடுக்கக் கூடாது என்று. அப்படி ஒரு விதியே கிடையாது.

என் இரண்டாவது பக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வேறு எதுவும் நடக்கவில்லை. அதே மேசை, அதே நாற்காலி. நீங்கள் எது சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் அண்ணன்


மே 15

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. எனக்கு உங்களைப்போல எழுத வராது. தோன்றியதை எழுதுகிறேன்.

புட் விஷயம் எனக்கு 26ஆம் தேதியே தெரியும். புரோக்கர் சொன்னார். "சார், அந்த விலையில வாங்கினது நீங்க ஒருத்தர்தான். பேப்பர்ல எழுதினவருக்கு அதுகூடவா தெரியலை?" என்று கேட்டார். அவரிடம் சண்டை போட்டேன். என் அண்ணன் எட்டு வருடமாக எழுதுகிறார், மனிதன் என்றால் ஒரு தடவை தவறாதா என்று கத்திவிட்டு, கைப்பிடி இல்லாத அந்தப் படியில் இறங்கி வந்தேன். அந்தத் தவறை அன்றைக்கே விட்டுவிட்டேன். எனக்குத் தெரியாமல் இருந்தது வெள்ளிக்கிழமை விஷயம்தான். அதை நீங்கள்தான் சொன்னீர்கள்.

நீங்கள் பாதி எண்ணோடு போனைக் கீழே வைத்த அந்த நேரத்தில் நான் பட்டறையில் போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். விழாவுக்கு நாற்காலி கொண்டுவருகிறவர் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

புது இடத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் இருக்கிறார்கள். இப்போது முழங்கால் இடிக்கவில்லை. போகிறவர்கள் கடைசி நாளும் வழக்கம்போலத் தொட்டியில் கை கழுவிவிட்டுத்தான் போனார்கள். நான் பக்கத்தில் நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டேன். வண்டி இல்லை. மாமா ஒன்றும் கேட்கவில்லை. அவர் இப்போது என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை, 'அவர்' என்கிறார். நீங்கள் எதற்காக இத்தனை வருடம் வருத்தப்பட்டீர்கள் என்று இப்போது ஓரளவு புரிகிறது. அந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான்.

சின்னவளிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் அக்காவுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் இன்றைக்கும் காலையில் உங்கள் குறிப்பை வெட்டினாள். பசை காய்வதற்காக நோட்டைத் திறந்து ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறாள். ஒரு பக்கம்தான் என்பதால் இடம் நிறைய மிச்சமிருக்கிறது.

இனி அலுவலக முகவரிக்கு எழுத மாட்டேன். பட்டறைக்கு நீங்களும் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது பேசுவோம். பாப்பா எப்படி இருக்கிறாள், வெயில் அதிகமா என்று கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள். ஸ்பீக்கரிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சின்னவளின் கணவர்